அபர்ணையும் அன்னபூரணியும்

பர்வதராஜனின் திருமகள் சிவபெருமானைக் கணவனாக அடைய வேண்டித் தவம் செய்யத் துணிந்தபோது, அவளைப் பெற்ற மேனை பதறிப்போனாள். "உ, மா" என்று சொல்லித் தடுத்தாள். "குழந்தாய், வேண்டாம்" என்பது அதன் பொருள். தாயின் தவிப்பில் பிறந்த அந்தச் சொல்லே அம்பிகைக்கு உமா என்னும் திருநாமமாக நிலைத்துவிட்டது என்று மகாகவி காளிதாசர் குமாரசம்பவத்தில் கூறுகிறார்.

மகள் தன் உறுதியை விடவில்லை. மரத்திலிருந்து தானே உதிர்ந்த இலையை உண்டு வாழ்வதே தவத்தின் எல்லை என்று முனிவர்கள் எண்ணியிருக்க, அவள் அந்த இலையையும் துறந்தாள். பர்ணம் என்றால் இலை. இலையையும் உண்ணாதவள் ஆதலால் அபர்ணை என்று பெயர் பெற்றாள்.

அதே அம்பிகைதான் காசி மாநகரில் அன்னபூரணியாக வீற்றிருக்கிறாள். ஒரு கரத்தில் அன்னப் பாத்திரம். மற்றொரு கரத்தில் கரண்டி. எதிரே பிட்சை வேண்டி நிற்பவர் உலகுக்கெல்லாம் நாதரான விசுவநாதர். தனக்காகத் தவமிருந்த காலத்தில் இலையையும் மறுத்தவள், இல்லறத்தில் அமர்ந்து உலகுக்குத் தாயானபோது கரண்டியைக் கையில் எடுத்தாள். தவமும் அவளுடையதே; அன்னமும் அவளுடையதே. ஆனால் ஒவ்வொன்றுக்கும் உரிய காலத்தை அவள் அறிந்திருந்தாள்.

இந்த இரண்டு கோலங்களையும் சேர்த்து எண்ணிப் பார்க்க வேண்டிய தேவை இன்று பல இல்லங்களில் எழுந்திருக்கிறது. அடுப்பில் ஏற்றாத உணவையே உண்பது என்னும் நியமத்தை இளம் பெண்கள் பலர் மேற்கொள்கிறார்கள். பழங்கள், காய்கள், முளைகட்டிய தானியங்கள், தேங்காய், ஊறவைத்த பருப்புகள் இவையே அவர்களது உணவு. அவர்களுள் கைக்குழந்தையை உடைய தாய்மார்களும் உண்டு. "இது என்ன புதுப் பழக்கம்?" என்று வீட்டுப் பெரியவர்கள் மனம் வருந்துகிறார்கள். ஒரே சமையலறையில் இரண்டு வழிகள் உண்டாகும்போது உரசல் தோன்றுவது இயல்பே.

பழக்கம் புதிதன்று என்பதை முதலில் பெரியவர்கள் உணர்தல் நலம். ஸ்ரீராமநவமியன்று நாம் நிவேதனம் செய்யும் பானகம், நீர்மோர், வடைப்பருப்பு ஆகியவற்றுள் எதுவும் அடுப்பைக் காண்பதில்லை. பாசிப்பருப்பை ஊறவைத்து, வெள்ளரியும் தேங்காய்த் துருவலும் சேர்த்து எலுமிச்சை பிழிந்தால் கோசுமல்லி ஆகிவிடுகிறது. 2019ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்ற பழநிப் பஞ்சாமிர்தமும் வாழைப்பழம், சர்க்கரை, பேரீச்சை, கற்கண்டு, தேன், நெய் ஆகியவற்றைப் பிசைந்து செய்வதேயன்றிச் சமைப்பது அன்று. இலை, மலர், கனி, நீர் ஆகிய எதை அன்போடு தந்தாலும் ஏற்றுக்கொள்வதாகப் பகவான் கீதையின் ஒன்பதாம் அத்தியாயத்தில் வாக்களிக்கிறார்.

தர்ம சாஸ்திரமும் இதை அறிந்ததே. இல்லறம் முடித்துக் காட்டுக்குச் செல்லும் வானப்பிரஸ்தன் அக்கினியில் சமைத்ததை உண்ணலாம்; அல்லது காலத்தால் பக்குவமானதை உண்ணலாம் என்று மனுஸ்மிருதி கூறுகிறது. மரத்திலேயே கனிந்த பழத்தைக் காலம் என்னும் அடுப்பு சமைத்துத் தருகிறது என்பது அப்பெரியோர்களின் நோக்கு. ஆகவே சமைக்காத உணவை இகழ்வதற்கு நம் மரபில் இடமில்லை.

ஆனால் அந்த விதி யாருக்குச் சொல்லப்பட்டது என்பதையும் காண வேண்டும். பேரப்பிள்ளைகளைக் கண்டு, பொறுப்புகளை இறக்கி வைத்தவனுக்குச் சொல்லப்பட்டது அது. இல்லறத்தானோ திருமணத்தின்போதே அக்கினியை முன்னிட்டு வாழ்வைத் தொடங்கியவன். தேவர், பிதிரர், அதிதி, பிற உயிர்கள் ஆகிய அனைவருக்கும் அன்னம் பகிர வேண்டியவன். தனக்காக மட்டுமே சமைத்து உண்பவன் பாவத்தையே உண்கிறான் என்று கீதையின் மூன்றாம் அத்தியாயம் கடுமையாகவே உரைக்கிறது. இல்லத்தின் அடுப்பு பலருக்காக எரிவது என்பதை இதனால் அறியலாம்.

சமைக்காத உணவைச் சோதித்துப் பார்த்த பெரியோர்களும் உண்டு. காந்தியடிகள் இளம் வழக்கறிஞராகத் தென்னாப்பிரிக்கா சென்ற 1893ஆம் ஆண்டிலேயே, பிரிட்டோரியா நகரில் ஏறத்தாழ பத்து நாட்கள் ஊறவைத்த கோதுமை, பட்டாணி, பழங்கள், பருப்புகள் ஆகியவற்றை மட்டும் உண்டு பார்த்தார். பசியும் சோர்வும் மிகுந்ததால் அதைக் கைவிட்டார். அந்த அனுபவத்தை ஒளிவுமறைவின்றி இலண்டன் சைவ உணவாளர்களின் இதழில் எழுதவும் செய்தார். மீண்டும் 1929ஆம் ஆண்டில் அதே முயற்சியைத் தொடங்கி, ஆசிரமவாசிகள் பலரையும் அதில் ஈடுபடுத்தினார். சில மாதங்களில் வயிற்றுக்கடுப்பு வந்து உடல் தளரவே, அம்முறையை நிறுத்திவிட்டு ஆட்டுப் பாலுக்குத் திரும்பினார். தொடங்கியதைப் பிடிவாதமாகப் பற்றிக்கொள்ளாமல் உடல் சொன்னதைக் கேட்டு மாற்றிக்கொண்டதில் அவரது சத்திய சோதனையின் இலக்கணம் தெரிகிறது.

சமைக்காத உணவின் வரவையும் செலவையும் நடுநிலையோடு எழுதிப் பார்த்தால் இரு பக்கமும் பதிவுகள் உண்டு. பழங்களிலும் நெல்லிக்காயிலும் உள்ள வைட்டமின் சி சூட்டினால் குறையும். பச்சையாக உண்டால் முழுமையாகக் கிடைக்கும். நார்ச்சத்து மிகுவதால் மலச்சிக்கல் நீங்கும். எண்ணெயும் உப்பும் சர்க்கரையும் குறைவதால் உடல் எடை இறங்கும். இவை வரவு. தக்காளியிலும் கேரட்டிலும் உள்ள சில சத்துகளைச் சற்று வேகவைத்தால்தான் உடல் நன்கு ஏற்கிறது. மரவள்ளிக் கிழங்கைப் பச்சையாக உண்பது நஞ்சு. சிவப்பு ராஜ்மாவை ஊறவைத்து நன்கு கொதிக்க வைக்காமல் உண்டால் வாந்தியும் வயிற்றுப்போக்கும் நேரும். பி12 என்னும் வைட்டமின் தாவர உணவில் நம்பத்தக்க அளவில் இல்லை. சைவர்களுக்குப் பாலும் தயிருமே அதன் வழி. சமைக்காத உணவினருள் பலர் பாலையும் விட்டுவிடுவதால் அந்த வழியும் அடைபடுகிறது. இவை செலவு.

ஜெர்மனி நாட்டின் கீசன் பல்கலைக்கழகத்தார் நீண்ட காலம் சமைக்காத உணவை உண்டவர்களை விசாரித்து 1999இல் ஓர் ஆய்வை வெளியிட்டனர். அவர்களுள் 45 வயதுக்குட்பட்ட பெண்களில் ஏறத்தாழ 30 விழுக்காட்டினருக்கு மாதவிலக்கு ஒழுங்கு தவறியோ நின்றோ போயிருந்தது. உடல் எடை மிகவும் இறங்கியவர்களிடத்தில் அது அதிகம் காணப்பட்டது. ஒரு பெண்ணின் உடல் தாய்மைக்குத் தேவையான சேமிப்பைத் தானே அளந்து பார்க்கிறது என்பதற்கு இது சான்று.

இங்கேதான் குழந்தையைப் பற்றிய கேள்வி வருகிறது. நம் முன்னோர் விரதங்களை வகுத்தபோது யாருக்கு விலக்கு அளித்தனர் என்று பாருங்கள். ஏகாதசி உபவாசம் எட்டு வயதுக்கு மேற்பட்டு எண்பது வயதுக்கு உட்பட்டவர்களுக்கே விதிக்கப்பட்டது. சாதுர்மாஸ்ய விரதத்தில் முதல் மாதம் காய்கறி, இரண்டாம் மாதம் தயிர், மூன்றாம் மாதம் பால், நான்காம் மாதம் பருப்பு என்று ஒவ்வொன்றாக விலக்குவார்கள். மாதம் முடிந்ததும் விலக்கியது திரும்பிவிடும். ஏகாதசிக்கு மறுநாள் அகத்திக்கீரையும் நெல்லிக்காயும் சுண்டைக்காயும் சேர்த்துப் பாரணை உண்டு. தொடங்கும் விரதத்துக்கு முடிவும் உண்டு என்பதும், குழந்தைக்கு விரதம் இல்லை என்பதும் நம் மரபின் இரு தூண்கள்.

குழந்தைக்கு ஆறாம் மாதத்தில் அன்னப்பிராசனம் செய்கிறோம். குருவாயூரப்பன் சன்னதியில் எத்தனையோ பச்சிளங்குழந்தைகளின் வாயில் அந்த முதல் கவளம் இடப்படுகிறது. அது வெந்த சோறு. உலக சுகாதார நிறுவனமும் முதல் ஆறு மாதங்கள் தாய்ப்பால் மட்டும், அதன்பின் இரண்டு வயது வரையிலும் அதற்கு மேலும் தாய்ப்பாலோடு திட உணவும் என்றே கூறுகிறது. குழந்தையின் வயிறு சிறியது. பழமும் காயும் அளவில் பெரியவை, பலத்தில் சிறியவை. அவற்றாலேயே வயிற்றை நிரப்பினால் வளர்ச்சிக்கு வேண்டிய பலம் சேராது. குழையவைத்த சோறும் பருப்பும் நெய்யும் சிறு கவளத்தில் நிறைந்த பலத்தைத் தருகின்றன. பாலூட்டும் தாயிடம் பி12 குறைந்தால் அவள் பாலிலும் குறையும். அது குழந்தையின் நரம்பையும் மூளை வளர்ச்சியையும் தாக்கும். ஒரு வயது நிரம்பாத குழந்தைக்குத் தேன் ஆகாது. முழு வேர்க்கடலையும் முந்திரியும் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளின் தொண்டையில் சிக்கும் ஆபத்து உண்டு. ஈரத்தில் முளைக்கும் பயறில் கிருமிகளும் பெருகும் ஆதலால் கர்ப்பிணிகள் முளைப்பயறை வேகவைத்தே உண்ண வேண்டும்.

இவையெல்லாம் அறிந்த பின்னும், இல்லத்தில் எப்படிப் பேசுவது என்பதே கடினம். பல ஊர்களில் நடப்பதை ஓர் இல்லத்தின் கதையாக வைத்துப் பார்க்கலாம்.

மாமியார், மகன், மருமகள், எட்டு வயதுப் பேரன், பதினான்கு மாதப் பேத்தி. இரண்டாம் பிரசவத்துக்குப் பின் மருமகள் சமைக்காத உணவுக்கு மாறினாள். மூன்று மாதங்களில் உடல் இளைத்தது, முகம் தெளிந்தது, சுறுசுறுப்பும் வந்தது. அவளுக்கு மகிழ்ச்சி. ஆனால் மாமனாரின் சிராத்த தினத்தன்று, இலையில் எல்லாம் பரிமாறிய பின்னும் அவள் வெள்ளரித் துண்டுகளோடு ஒதுங்கி அமர்ந்தாள். "என் கையால் சமைத்தது இவளுக்கு ஆகாததாகிவிட்டதா?" என்று மாமியார் உள்ளுக்குள் புண்பட்டாள். பேரனோ சோற்றைத் தள்ளிவிட்டு, "அம்மா மாதிரி எனக்கும் பழம்தான் வேண்டும்" என்று அடம் பிடிக்கத் தொடங்கினான். பேத்திக்கும் தாய்ப்பாலுக்கு மேல் பழக்கூழும் தேங்காய்ப் பாலுமே உணவாயின.

தடுப்பூசிக்காகச் சென்றபோது மருத்துவர் குழந்தையின் எடை அட்டையைக் காட்டினார். மேல்நோக்கிச் செல்ல வேண்டிய கோடு இரண்டு முறையாகப் படுத்துக் கிடந்தது. வீடு திரும்பியதும் மகன் குரலை உயர்த்தத் தொடங்கினான். மாமியார் அவனைக் கையமர்த்தினாள். "இப்போது ஒன்றும் பேசாதே. அவளே அழுதுகொண்டிருக்கிறாள்" என்றாள்.

அன்று இரவு குழந்தைகள் உறங்கிய பின், மாமியார் மருமகளின் அருகில் அமர்ந்து இத்தனை நாளாகக் கேட்காத கேள்வியைக் கேட்டாள். "இதை எதற்காகம்மா தொடங்கினாய்?"

மருமகள் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "என் அம்மாவுக்குச் சர்க்கரை நோயால் கால் விரலை எடுத்தது உங்களுக்குத் தெரியும், அத்தை. இவள் வயிற்றில் இருந்தபோது எனக்கும் சர்க்கரை வந்துவிட்டது. எனக்கும் அதே கதி வந்தால் இந்த இரண்டையும் யார் பார்ப்பார்கள் என்று பயந்துவிட்டேன்" என்றாள்.

தன் சமையலை வெறுத்துச் செய்ததாக மாமியார் நினைத்திருந்தது, தன் பேரக்குழந்தைகளுக்காக ஒரு தாய் கொண்ட அச்சமாக இருந்தது. அந்த இரவுக்குப் பின் இருவரும் சேர்ந்து ஒரு வழி கண்டார்கள். குழந்தைகளின் தட்டு மருத்துவர் சொற்படி. அதில் யாருடைய கொள்கையும் நுழையாது. பேத்திக்குக் குழைந்த சோறு, பாசிப்பருப்பு, நெய், தயிர், மசித்த வெந்த காய். பேரனுக்கு வீட்டுச் சாப்பாடு. மாலையில் அம்மா நறுக்கித் தரும் பழம். மருமகளுக்குப் பகல் உணவு அவள் விருப்பப்படி. இரவில் அனைவரோடும் அமர்ந்து ஒரு கிண்ணம் வெந்த பருப்பும் தயிரும். இரத்தப் பரிசோதனையில் பி12 குறைந்திருந்ததால் அதற்கு மருத்துவர் தந்த மருந்து. சர்க்கரைக்கு ஆண்டுதோறும் பரிசோதனை.

ஏகாதசி தோறும் மாமியாருக்குப் பலகாரம் பழமும் பாலும்தான். அந்த நாட்களில் இருவரும் எதிரெதிரே அமர்ந்து ஒரே வகையாக உண்டார்கள். கோசுமல்லி வாரத்தில் இரண்டு நாள் வீட்டார் அனைவருக்குமான பதார்த்தமாயிற்று. சில மாதங்களில் பேத்தியின் எடைக் கோடு மேலே ஏறத் தொடங்கியது. எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்வதற்கில்லை. வீட்டுக்கு வரும் நாத்தனார் இன்றும் கேலி பேசுவதுண்டு. மருமகள் முகம் சுருங்குவதும் உண்டு. ஆனால் அடுத்த ஆண்டுச் சிராத்தத்தன்று அவள் இலையில் அமர்ந்து ஒரு கைப்பிடி அன்னத்தைப் பிரசாதமாக ஏற்றுக்கொண்டாள். யாரும் அவளை வற்புறுத்தவில்லை.

பெரியவர்கள் இதிலிருந்து சில நெறிகளைக் கொள்ளலாம். மகளோ மருமகளோ உணவு முறையை மாற்றினால் முதலில் காரணத்தைக் கேட்க வேண்டும். நோயச்சம், பிரசவத்துக்குப் பிந்தைய மனச்சோர்வு, உடலைப் பற்றி யாரோ சொன்ன சுடுசொல் என்று ஏதேனும் ஒன்று அதன் பின்னே மறைந்திருக்கக்கூடும். அவள் உண்பதைப் பிறர் முன்னிலையில் பழித்தல் கூடாது. அவளுக்குத் தெரியாமல் குழந்தைக்கு ஊட்டுவதும் கூடாது. அது ஊட்டத்தைத் தந்தாலும் நம்பிக்கையைக் கெடுக்கும். கர்ப்பம், பிரசவம், பாலூட்டும் காலம் ஆகிய மூன்றிலும் நம் மரபு சூடான, எளிதில் செரிக்கும் பத்திய உணவையே தந்து வந்திருக்கிறது. அக்காலத்தில் முழுமையான சமைக்காத உணவைத் தள்ளிவைக்கும்படி அன்போடு சொல்லலாம். குழந்தையின் எடை அட்டையை மாதந்தோறும் சேர்ந்து பார்ப்பது வாக்குவாதத்தைக் குறைக்கும். அட்டைக்கு மாமியார் மருமகள் என்ற பேதம் கிடையாது.

இளையவர்களைப் பார்த்துத் தாமும் மாற எண்ணும் முதியவர்களுக்கும் ஓர் எச்சரிக்கை. சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ கொள்பவர்கள் திடீரென அன்னத்தை விட்டால் சர்க்கரை மிகவும் தாழ்ந்து மயக்கம் வரலாம். சிறுநீரகம் தளர்ந்தவர்களுக்கு இளநீரும் சில பழங்களும் பொட்டாசியத்தை மிகச் செய்யும். இரத்தம் உறையாதிருக்க மருந்து உண்பவர்கள் கீரையின் அளவைத் திடீரெனக் கூட்டுதலும் குறைத்தலும் ஆகாது. மருத்துவரைக் கேட்காமல் மாற்றம் வேண்டாம். பல் தளர்ந்தவர்களுக்கு வெந்த காயே இறைவன் அளித்த அருள்.

உண்ணும் வரிசையைப் பற்றித் தர்ம சாஸ்திரம் ஓர் அருமையான விதியைச் சொல்கிறது. அதிதிக்கு உணவளித்த பின்பே இல்லறத்தார் உண்ண வேண்டும் என்று கூறும் அந்நூல், புதிதாக மணமாகி வந்த பெண், சிறுமி, நோயாளி, கர்ப்பிணி ஆகியோருக்கு அதிதிக்கும் முன்பே தயங்காமல் உணவளிக்கலாம் என்கிறது. விருந்தையே தெய்வமாகப் போற்றிய மரபு, வயிற்றில் வளரும் சிசுவுக்காக அந்த விருந்தையும் காத்திருக்கச் சொல்கிறது. இன்று தட்டில் இருப்பது காலம் கனிவித்த பழமாயினும், அக்கினி பக்குவப்படுத்திய அன்னமாயினும், அதை இறைவனுக்குக் காட்டிவிட்டு, "குழந்தை சாப்பிட்டதா? அதன் தாய் சாப்பிட்டாளா?" என்று ஒருமுறை கேட்டுவிட்டு உண்ணும் இல்லத்தில் அன்னபூரணி குறைவின்றி அருள்வாள்.